மருந்தும் மனுவும்: டாக்டர் மேரி ரட்ணத்தின் வாழ்க்கை

இந்த நூற்றாண்டு மலருக்கு ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க்குழுச் சகோதரியர் கேட்டார்கள். நம் பாடசாலையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரையே நான் தெரிவு செய்தேன். கொழும்பில் பெண்களின் வரலாற்றைப் பேசுவோர் எல்லோரும் அறிந்த பெயர், டாக்டர் மேரி ரட்ணம். கனடாவில் பிறந்து, யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரை மணந்து, அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் வாழ்ந்து இங்கேயே மறைந்தவர். நம் கிழக்குக் கரையில் அவர் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்பார்கள்.

அவரும் மருத்துவர், நானும் மருத்துவர் என்பது ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இம்மலரை வாசிக்கும் நம்மில் பலர் ஏதோ ஒரு சங்கத்தில் அங்கத்தவர்களாக இருக்கிறோம். பழைய மாணவியர் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம், வெளிநாட்டில் இருப்போரின் நலன்புரி அமைப்பு என்று எத்தனையோ. சங்கம் என்றால் கொப்பி கொடுப்பது, கட்டிடத்துக்கு வர்ணம் பூசுவது, நோன்பு காலத்தில் உலருணவுப் பொதி பகிர்வது என்றே பழகிவிட்டோம். விதி எழுதப்படும் இடத்துக்குப் போய், இந்த விதி எங்களுக்குப் பொருந்தவில்லை, மாற்றித் தாருங்கள் என்று கேட்பது அரசியல்வாதிகளின் வேலை என்று விட்டுவிட்டோம். மேரி ரட்ணம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததே இல்லை. அவரது வாழ்க்கையில் என்னைக் கவர்ந்தது அதுதான்.

மேரி ஹெலன் இர்வின் 1873இல் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பது அன்று கனடாவிலும் புதுமை. ஆண்களின் மருத்துவக் கல்லூரிகள் பெண்களைச் சேர்க்க மறுத்ததால் 1883இல் ரொறொன்ரோவில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டிருந்தது. மேரி அங்கே படித்துப் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியே சில பெண்களும் அவர்களுக்குத் துணைநின்ற சிலரும் கேட்டுப் பெற்றது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஒரு கதவு மூடியிருந்தால் நான்கு பேராகப் போய்த் தட்ட வேண்டும் என்பதைப் படிக்கும் காலத்திலேயே அவர் கண்டிருப்பார்.

1896இல் அமெரிக்க மிஷனின் மருத்துவ ஊழியராக இலங்கைக்குப் புறப்பட்டார். யாழ்ப்பாணத்தில் இனுவிலில் பெண்களுக்காக அமைக்கப்பட்டு வந்த வைத்தியசாலையில் பணியாற்றுவதே நோக்கம். வழியில் நியூயோர்க்கில், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரட்ணம் என்ற யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ இளைஞரைச் சந்தித்தார். இருவரும் மணந்துகொண்டனர். மிஷனுக்கு அது பிடிக்கவில்லை. சுதேசிகளுக்கு மருத்துவம் பார்க்கலாம், சுதேசியை மணக்கலாகாது என்பது அவர்களின் நிலைப்பாடு. எல்லோரும் ஆண்டவனின் பிள்ளைகள் என்று போதிக்க வந்தவர்கள், வெள்ளைப் பெண் ஒருத்தி கறுத்த மாப்பிள்ளையைக் கட்டியதும் முகம் திருப்பிக்கொண்டார்கள். எந்தச் சமயத்தவராயினும் கலியாணம் என்று வந்தால் போதனையை மறந்துவிடுவது நாம் காணாத ஒன்றல்லவே.

மிஷன் கைவிட்டது நாட்டுக்கு நன்மையாக முடிந்தது. தம்பதியர் கொழும்பில் குடியேறினர். மேரி சில காலம் லேடி ஹவ்லொக் பெண்கள் வைத்தியசாலையில் பணியாற்றினார். பின்னர் தனியாக மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்ட மாட்டோம் என்றிருந்த பெண்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்த காலம். சிங்களப் பெண், தமிழ்ப் பெண், முக்காடிட்ட சோனகப் பெண், பறங்கிப் பெண் எல்லோருக்கும் ஒரு பெண் வைத்தியர் தேவைப்பட்டார். ஐந்து பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அவர் இந்த வேலையைச் செய்தார்.

அக்காலத்தில் பிரசவம் எவ்வளவு ஆபத்தானது என்பதை இன்றைய மாணவியருக்குச் சொல்ல ஒரு கணக்குப் போதும். 1930ஆம் ஆண்டளவில்கூட இலங்கையில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அதாவது ஐம்பது பிரசவத்துக்கு ஒரு தாய். கையிலே மருந்துப் பெட்டியோடு வீடு வீடாகப் போகும் ஒரு வைத்தியர் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? இரத்தச்சோகை, அடுத்தடுத்த கர்ப்பம், மலேரியா, சுத்தமில்லாத குடிநீர், படிப்பறிவின்மை, கணவனின் குடி, பட்டினி. இவற்றில் பலவற்றுக்குப் போத்தலில் அடைத்த மருந்து இல்லை. இந்த இடத்தில்தான் பல நல்ல வைத்தியர்கள் தம்மால் இயன்றதைச் செய்துவிட்டு ஓய்ந்துபோகிறோம். மேரி ரட்ணம் சங்கம் கட்டத் தொடங்கினார்.

1904இல் இலங்கை மாதர் ஒன்றியத்தை அமைத்தவர்களில் அவரும் ஒருவர். எல்லா இனப் பெண்களும் ஒன்றாக அமர்ந்த ஆரம்பகாலச் சங்கங்களுள் அதுவும் ஒன்று. 1909இல் கொழும்பில் தமிழ் மாதர் ஐக்கிய சங்கம் தோன்றியபோது அதிலும் முன்னின்றார். வெள்ளவத்தையில் கலாலயம் என்ற இசைப் பள்ளியை நடத்தும் அதே சங்கம்தான், இன்றும் இருக்கிறது. மது ஒழிப்பு இயக்கத்திலும் உழைத்தார். பாடசாலைகளுக்கென்று சுகாதாரக் கைந்நூலும் மனையியல் கைந்நூலும் எழுதினார். இந்த முதல் இருபது ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தையல், சங்கீதம், சுகாதாரப் பேச்சு, ஏழைகளுக்கு உதவி என்று அக்கால மாதர் சங்கங்கள் செய்தவையே இவையும் செய்தன. ஆனால் ஒன்றாகக் கூடவும், கூட்டத்தில் எழுந்து பேசவும், தீர்மானம் எழுதவும், கணக்கு வைக்கவும் பெண்கள் இவற்றில்தான் பழகினார்கள். அந்தப் பழக்கம் 1927இல் உதவியது.

அந்த ஆண்டு நொவம்பரில், இலங்கையின் அரசியலமைப்பை ஆராய டொனமூர் பிரபுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு இங்கிலாந்திலிருந்து வந்தது. அப்போது வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் நாட்டில் நூற்றுக்கு 4 பேர் மட்டுமே. சொத்தும் வருமானமும் படிப்பும் உள்ள ஆண்கள். ஆணைக்குழு முன் சாட்சியம் சொல்லத் தலைவர்கள் வரிசையாகத் தயாரானார்கள். பெண்களுக்காக யார் பேசுவது? அந்த டிசம்பரிலேயே சில பெண்கள் கூடிப் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை உருவாக்கினர். டெய்சி டயஸ் பண்டாரநாயக்க சீமாட்டி தலைவி. அக்னஸ் டி சில்வா செயலாளர். மேரி ரட்ணம் தூண்களில் ஒருவர். சில வாரங்களுக்குள் அவர்கள் ஆணைக்குழு முன் போய் நின்றார்கள்.

முதலில் அவர்கள் கேட்டது எல்லாப் பெண்களுக்குமான வாக்கு அல்ல. படித்த, ஓரளவு வசதியுள்ள பெண்களுக்கு மட்டுமான வாக்கு. இதை மறைத்து எழுதும் வழக்கம் நம் மலர்களில் உண்டு. நான் மறைக்க விரும்பவில்லை. கொழும்பின் பங்களாக்களில் வாழ்ந்த பெண்கள் தம் போன்றோருக்காகக் கேட்டார்கள். சாட்சியத்தின்போது ஆணைக்குழுவினர், தோட்டங்களில் கூலி வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டனர். அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்தில் அக்னஸ் டி சில்வா பதில் சொன்னார். எழுதிக்கொண்டு போன கோரிக்கையை விடப் பெரிய கோரிக்கை அந்த அறையில் பிறந்தது. ஒரு மனுவோடு நேரில் போவதன் பயன் இதுதான் என்று எனக்குத் தோன்றும். எதிரே இருப்பவர் கேட்கும் ஒரு கேள்வி, நாம் யாருக்காகப் பேச வந்தோம் என்று நம்மையே யோசிக்க வைத்துவிடும்.

எதிர்ப்பும் சாதாரணமாக இருக்கவில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களின் வாக்குரிமையையும் பாமரரின் வாக்குரிமையையும் எதிர்த்தார். 1913இல் மருதனார்மடத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று கல்லூரி கட்டியவரும் அவரே. பெண்ணைப் படிக்க வைக்கலாம், ஆனால் நாட்டு விடயத்தில் அவள் அபிப்பிராயம் சொல்லலாகாது என்ற எண்ணம் பெரிய மனிதர்களிடமும் இருந்தது. மறுபுறம் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்று வாதாடினார்.

ஆணைக்குழு 1928இல் அறிக்கை தந்தது. 21 வயதான ஆண்களுக்கும் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் வாக்கு என்றது. இங்கிலாந்தில் 1918இல் பெண்களுக்கு வைத்த அதே முப்பது. அந்த நாட்டில் 1928இல் அது 21 ஆகக் குறைக்கப்பட்டது; இங்கும் முப்பது என்ற எல்லை பின்னர் கைவிடப்பட்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 என்றாயிற்று. 1929 டிசம்பரில் சட்டசபை புதிய அரசியலமைப்பை 19க்கு 17 என்ற கணக்கில், இரண்டே வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. 1931 ஜூனில் முதல் தேர்தல். ஆசியாவிலேயே வேறு எந்தக் குடியேற்ற நாட்டிலும் சாதாரணக் கிராமத்துப் பெண் வாக்களிக்காத காலத்தில் இலங்கைப் பெண் வாக்களித்தாள். வடக்கில் வாலிபர் காங்கிரஸின் அறைகூவலால் அத்தேர்தல் பகிஷ்கரிக்கப்பட்டது வேறு கதை. கிழக்கில் வயல் வேலைக்குப் போன நம் பாட்டிமாருக்குக் கிடைத்த வாக்கும் இந்த வழியாக வந்ததே. அந்த ஆண்டு நொவம்பரில் அடலின் மொலமுறே இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குப் போன முதல் பெண் ஆனார். 1932இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கிலிருந்து சென்றார். வாக்குரிமைச் சங்கமோ வெற்றியோடு கலையாமல், பெண்களின் ஏனைய அரசியல் உரிமைகளுக்காக உருமாறித் தொடர்ந்தது.

வாக்கு கிடைத்ததும் மேரி ரட்ணம் கொழும்பில் ஓய்ந்திருக்கவில்லை. 1930இலேயே லங்கா மகிளா சமிதியைத் தொடங்கியிருந்தார். அவருடைய வேலைகளில் ஆகப் பெரியது எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவருடைய பிறந்த மண்ணான ஒன்ராறியோவில் 1897இல் கமக்காரப் பெண்கள் தொடங்கிய மாதர் நிலையங்கள் ஒரு முன்மாதிரி; வங்காளத்தில் சரோஜ் நளினி தத் அம்மையாரின் பெயரால் பரவிய மகிளா சமிதிகள் இன்னொரு முன்மாதிரி. கிராமத்துப் பெண்களே கூடித் தமது கூட்டத்தை நடத்துவார்கள். நெசவு, காய்கறித் தோட்டம், பிள்ளை வளர்ப்பு, போஷாக்கு, மலசலகூடம், கிணற்றைச் சுத்தமாக வைத்தல் ஆகியவற்றைப் படிப்பார்கள். கொழும்பிலிருந்து கனவான்களின் மனைவியர் வந்து பழைய துணி கொடுத்துவிட்டுப் போகும் முறையை அவர் விரும்பவில்லை.

இதற்கும் சட்டம், கொள்கை என்பவற்றுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். எங்கள் பகுதியிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் வரிப்பத்தான்சேனையைச் சேர்ந்தவள். இறக்காமக் குளத்துக்கு அப்பால் வயல்களின் நடுவே உள்ள ஒரு கிராமத்தில் தாய் சேய் கிளினிக் நடக்கும் நாளும் சந்தை நாளும் ஒன்றாக இருந்தன. தாய்மார் வருவது குறைந்தது. அவர்களுக்கு அறிவு இல்லை, சொன்னால் கேட்பதில்லை என்று நாங்கள் உத்தியோகத்தர்கள் பேசிக்கொண்டோம். அந்த ஊர் மாதர் சங்கத்துப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். எத்தனை கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் சந்தையில் மரக்கறி விற்கிறார்கள், எத்தனை கிளினிக் தவறியது என்று ஒரு கொப்பியில் எழுதி, கடிதத்தோடு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொண்டுவந்தார்கள். நாள் மாற்றப்பட்டது. எந்த ஊர்வலமும் இல்லை, எந்த மந்திரியும் வரவில்லை. சமிதி செய்ய நினைத்ததும் இதுவே. தன் கிணற்றைப் பற்றிப் பேசப் பழகிய பெண், பிறகு தன் ஊரின் பாதையைப் பற்றிப் பேசுவாள்; பேசுவதற்குக் கையில் கணக்கு வைத்திருப்பாள்.

சமிதியில் பழகிய ஒரு பெண் நாட்டின் வரலாற்றையே மாற்றினார். 1940களின் தொடக்கத்தில் அதில் சேர்ந்து, பொருளாளர், உப தலைவர், தலைவர் எனப் படிப்படியாகப் பொறுப்பு வகித்த சிறிமாவோ பண்டாரநாயக்க 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரானார். பின்னாளில் அவருடைய அரசியலைப் பற்றி நம் மக்களுக்குப் பல மனக்குறைகள் உண்டு, அது நியாயமே. கிராமத்துப் பெண்களின் கூட்டத்தில் பாயில் அமர்ந்து பெற்ற பயிற்சி அவருக்கு இருந்தது என்பது மட்டும் மறுக்க முடியாதது.

1937இல் கொழும்பு மாநகர சபைக்கு பம்பலப்பிட்டிய வட்டாரத்திலிருந்து மேரி ரட்ணம் தெரிவானார். அந்தச் சபைக்குத் தெரிவான முதல் பெண் அவர்தான். அப்பதவியில் அவர் நீண்ட காலம் இருக்கவில்லை. இருந்த காலத்தை விட, வெளியே சங்கங்களில் இருந்த காலத்தில்தான் அவர் அதிகம் சாதித்தார் என்பது என் கணிப்பு.

அதே 1937இல் அவர் செய்த இன்னொரு காரியம் துணிவானது. கொழும்பில் குடும்பத்திட்டமிடல் கிளினிக் ஒன்றைத் திறந்தார். கருத்தடை என்ற சொல்லையே மரியாதையுள்ள வீட்டில் உச்சரிக்க மாட்டார்கள். பத்து, பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்று, அடுத்த பேறு தாங்காது என்று தெரிந்தும் வழியில்லாமல் மடிந்த பெண்களைக் கண்டவர் அவர். திருச்சபைகளிலிருந்தும் மருத்துவர்களிடமிருந்தும் எதிர்ப்பு வரக்கூடிய வேலையை அறுபது வயதைக் கடந்த ஒரு கிறிஸ்தவப் பெண் தொடங்கினார். அந்த முயற்சி சிறியதுதான். ஆனால் தொண்டர் சங்கம் ஒன்றின் வேலை எப்படி நாட்டின் கொள்கையாகிறது என்பதற்கு இதை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 1953இல் குடும்பத்திட்டச் சங்கம் உருவானது. முதியவரான மேரி ரட்ணமும் அதன் முன்னோடிகளில் ஒருவர். அரச வைத்தியசாலைகளில் இடம் கேட்டார்கள், கொழும்பு டி சொய்சா மகப்பேற்று மனையில் கிளினிக் தொடங்கினார்கள். 1954இல் அரசு சிறு மானியம் ஒன்று கொடுத்தது. 1958இல் சுவீடன் நாட்டோடு உடன்படிக்கை செய்து முன்னோடித் திட்டம் ஆரம்பமானது. முதலில் செய்து காட்டினார்கள், பிறகு இடம் கேட்டார்கள், பிறகு பணம் கேட்டார்கள், கடைசியில் இது உங்கள் கடமை என்று அரசிடமே ஒப்படைத்தார்கள்.

நம் ஊர்களில் இதைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அக்காலக் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கங்களில், உலகெங்கும், ஏழைகளையும் பிற இனத்தாரையும் தலைக்கணக்காகப் பார்க்கும் போக்கு இருந்தது. அந்த நிழல் இன்னும் நம்மை விடவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் மலட்டுத்தன்மை மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி கிளம்பி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது மாவுக் கட்டி என்று அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பிறகு அறிவித்தது. எரிந்ததும் உடைந்ததும் திரும்பி வரவில்லை. அப்படி ஒரு மாத்திரை மருத்துவத்தில் இல்லவே இல்லை என்று எங்கள் ஊரிலும் அயலூரிலும் விளக்கியபடியே பல மாதங்கள் கழிந்தன. அதன் பிறகு சில தாய்மார் இரும்புச்சத்து வில்லையைக்கூடச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பிள்ளைகளுக்கிடையே இடைவெளி விடுவது தாயின் உயிரைக் காக்கும் விடயம் என்று மேரி ரட்ணம் பேசிய அதே பாஷையில், தாயின் பக்கம் நின்று, பேச வேண்டியிருக்கிறது. எண்ணிக்கையின் பாஷையில் பேசினால் இரு சமூகத்திலும் காது மூடிக்கொள்ளும்.

அவருடைய குறைகளையும் பார்க்க வேண்டும். வாக்குரிமைச் சங்கம் கொழும்பின் மேல்தட்டுப் பெண்களின் சங்கமாகவே இருந்தது. மகிளா சமிதி பெரும்பாலும் சிங்களக் கிராமங்களிலேயே வேரூன்றியது. எல்லாப் பெண்களுக்கும் வாக்கு என்று சாட்சியம் சொல்லப்பட்டதே, அந்தத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் தம் கணவன்மாரோடு சேர்த்து வாக்கை இழந்தார்கள். வாங்கிய உரிமையைக் காக்க ஆள் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. அன்று மாதர் சங்கங்கள் இன்னும் உரத்துப் பேசியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இன்றைக்கும் இந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது, பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே. மாதவிடாய்க் காலத்தில் பாவிக்கும் துவாய்களுக்கு நம் நாட்டில் 2018 வரை எல்லா வரிகளும் சேர்ந்து 101.2 வீதம். பொருளின் விலையை விட வரி கூட! ஆடம்பரப் பொருளாகவே கருதப்பட்டது போலும். ஆய்வு அமைப்புகளும் பெண்கள் அமைப்புகளும் கணக்குப் போட்டுக் காட்டின. அந்த ஆண்டு செஸ் வரி நீக்கப்பட்டு மொத்தம் 62.6 வீதமாக இறங்கியது. 2024இல் பாடசாலை மாணவியருக்கு இதற்கென வவுச்சர் கொடுக்கும் திட்டமும் வந்தது. ஒவ்வொரு மாதமும் நான்கைந்து நாள் பாடசாலைக்கு வராமல் நின்ற நம் தோழியரை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்காக ஒருவரும் நிதி அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதவில்லை; நாமும் எழுதவில்லை.

இன்னொன்று சற்றுக் கடினமானது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தை ஆராய 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு நியமிக்கப்பட்டது; அறிக்கை 2018இல்தான் வந்தது. மணமகள் தன் கையால் பதிவேட்டில் ஒப்பமிடுவது, ஆகக் குறைந்த திருமண வயது, காதி நீதிமன்றங்களில் பெண்களின் இடம் ஆகியவை பற்றி முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் பல ஆண்டுகளாக மனுக்கள் கொடுத்து வருகின்றன. இதில் நம் சகோதரியரிடையே ஒரே கருத்து இல்லை என்பது எனக்குத் தெரியும். மார்க்க அறிஞர்களிடையேயும் இல்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவள் அல்லள். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையின் கர்ப்பத்தில் உயர் இரத்த அழுத்தம், இரத்தச்சோகை, குறைமாதப் பிரசவம் ஆகிய ஆபத்துகள் கூடுதல் என்பது மருத்துவ உண்மை. அதைத் தெரிந்த வைத்தியர்கள், ஆசிரியைகள், மருத்துவமாதர்கள் நம் பழைய மாணவியரில் எத்தனை பேர்! சட்டம் பற்றிய பேச்சு நடக்கும் மேசையில் இந்த அறிவை வைக்காமல் இருப்பது நடுநிலை ஆகாது. 1880களிலேயே அறிஞர் சித்திலெவ்வை தம் பத்திரிகையில் நம் சமூகத்தின் கல்விக்காக வாதாடினார். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று நின்றார். அன்றும் சமூகத்துக்குள் எதிர்ப்பு இருந்தது. நாம் இன்று எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இந்த மலரை விரித்திருப்பது அந்த எதிர்ப்பைப் பொருட்படுத்தாத சிலரால்தான்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரியர் அனுப்பும் பணம் நம் பாடசாலைக்குப் பெரும் உதவி. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் கட்டிய ஆய்வுகூடத்துக்கு விஞ்ஞான ஆசிரியர் வராமல் இருந்தால், அடுத்த காசோலை அதைத் தீர்க்காது. எத்தனை பாடவேளைகள் வெறுமையாகப் போயின என்று கொப்பியில் எழுதி வலயக் கல்வி அலுவலகத்துக்கும் மாகாண அமைச்சுக்கும் திரும்பத் திரும்பக் கொண்டுபோகும் நான்கு பேர் வேண்டும்.

மேரி ரட்ணத்துக்கு 1958இல் மக்சைசாய் விருது கிடைத்தது. அவ்விருது வழங்கத் தொடங்கிய முதலாவது ஆண்டே அது. பொதுச் சேவைக்கான பிரிவில், எந்த அரச பதவியும் இல்லாத தனி ஒரு பிரஜையாக இலங்கை மக்களுக்குச் செய்த பணிக்காக வழங்கினார்கள். அவருக்கு வயது 85. மிஷன் வேண்டாமென்று ஒதுக்கிய பெண்ணை ஆசியா தன் பெண்ணாக ஏற்றுக்கொண்டது. இரண்டு ஆண்டுகளில், தமது சமிதியில் வளர்ந்தவர் பிரதமராவதையும் கண்டார். 1962இல் கொழும்பில் காலமானார்.

அவர் மறைந்து மூன்று ஆண்டுகளின் பின், 1965இல், அரசாங்கம் குடும்பத்திட்டமிடலைத் தாய் சேய் நலச் சேவையோடு இணைத்துத் தன் பொறுப்பாக ஏற்றது. அன்றிலிருந்து அது ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும், மருத்துவமாது வீடு வீடாகக் கொண்டு செல்லும் பதிவேட்டில் ஒரு பக்கமாக இருக்கிறது. வரிப்பத்தான்சேனையிலும் இருக்கிறது. கல்முனையிலும், சாய்ந்தமருதிலும், நிந்தவூரிலும், அக்கரைப்பற்றிலும் இருக்கிறது. ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 2,000 தாய்மார் இறந்த நாட்டில் அந்த எண்ணிக்கை இப்போது சில பத்துகள்தான்.